யோசனையை ஏஐயிடம் விட்டால் என்ன ஆகும்? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30 அன்று. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும் இன்று பிள்ளைகளின் வீட்டுப்பாடத்திலும், கடைக் கணக்கிலும், விசேஷத்துக்கான சாமான் பட்டியலிலும் ஏஐ இருக்கிறது. பெற்றோரும் ஆசிரியர்களும் கடை வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். ஏஐ வேண்டாம் என்று சொல்ல எழுதியதல்ல இது. யோசனை முதலில் நம்முடையதாக இருக்க வேண்டும், ஏஐ அதற்குப் பின்னால் வரலாம் என்பதுதான் எங்கள் நிலை.

ஏஐ பயன்படுத்தினால் மூளை மழுங்கிவிடுமா?

தொட்டதாலேயே மழுங்காது. நாம் செய்திருக்க வேண்டிய யோசனையை அது செய்துவிட்டால், அந்தப் பழக்கம் நமக்கு வராமல் போகும். ஏற்கெனவே வந்திருந்தால் தளரும். இந்த இரண்டும் ஒன்றல்ல. முப்பது வருடம் பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளை கூட்டலை இயந்திரத்தில் போட்டால், தப்பு வந்தாலும் தொகையைப் பார்த்ததுமே அவருக்கு நெருடும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நெருடுவதற்கு உள்ளே ஒன்றும் இன்னும் உருவாகவில்லை. அதனால் பெரியவர்களைவிடப் படிக்கிற வயதுக்காரர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா, பயமுறுத்தலா?

இருக்கிறது. துருக்கியில் ஏறக்குறைய 1000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடத்தி, 2025-இல் வெளியிட்ட சோதனை தெளிவானது. பாடம் கணக்கு. ஒரு பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். இன்னொரு பிரிவுக்கு ஜிபிடி-4 என்ற ஏஐ. கேட்டால் விடையைச் சொல்லிவிடும். மூன்றாவது பிரிவுக்கும் அதே ஜிபிடி-4தான், ஆனால் விடையைச் சொல்லக் கூடாது, ஆசிரியர்கள் தயாரித்துக் கொடுத்த குறிப்புகளை வைத்துப் படிப்படியாக வழிகாட்ட மட்டும் வேண்டும் என்று கட்டிப்போட்டிருந்தார்கள்.

பயிற்சிக் கணக்குகளில், புத்தகப் பிரிவைவிட இரண்டாம் பிரிவு 48 சதவீதமும் மூன்றாம் பிரிவு 127 சதவீதமும் கூடுதலாக எடுத்தன. அதன்பின் எல்லாரிடமிருந்தும் கருவியை வாங்கி வைத்துவிட்டுப் பரீட்சை நடத்தினார்கள். விடை சொல்லும் ஏஐ வைத்திருந்த பிள்ளைகள் புத்தகப் பிரிவைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் தரும் ஏஐ வைத்திருந்தவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. புத்தகப் பிரிவுக்குச் சமமாக நின்றார்கள்.

இதில் எங்களை உறுத்துவது வேறொன்று. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே தெரியவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் காய்ச்சல் காட்டிக் கொடுக்கும். இந்த நஷ்டத்துக்கு அப்படி ஓர் அறிகுறி கிடையாது.

அதே 2025-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வும் நிறையப் பேசப்பட்டது. 54 பேரைக் கட்டுரை எழுதச் சொல்லி மூளை அலைகளைப் பதிந்தார்கள். முதல் அமர்வில் சாட்ஜிபிடி வைத்து எழுதிய 18 பேரில் 15 பேரால், சற்றுமுன் தாங்களே கொடுத்த கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பங்கேற்றவர்கள் குறைவு. மற்ற நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே வெளியிட்ட கட்டுரை அது. அதை வைத்துக்கொண்டு “மூளை அழுகிவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். துருக்கிச் சோதனையைத்தான் நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வோம்.

கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தானே சொன்னார்கள்?

சொன்னார்கள். அதில் உண்மையும் இருந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போன காலத்தில், கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகச் சேருகிறவனுக்கு முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒன்று, மாகாணி என்றால் 16-இல் ஒன்று என்று தலைகீழாகப் பாடம் இருக்க வேண்டும். அந்த மனக்கணக்கு இன்று நம்மிடம் இல்லை. போனது போனதுதான்.

ஆனால் கால்குலேட்டர் ஒன்றை நம்மிடம் விட்டுவைத்தது. எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்ற முடிவு நம் கையில் இருந்தது. ஏஐ அந்த முடிவையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

40,000 ரூபாய், ஒன்றரை வட்டி, 7 மாதம் 12 நாள். எவ்வளவு வட்டி?

நம் பக்கத்தில் ஒன்றரை வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் 50 பைசா. 40,000-இல் 400 நூறு இருக்கிறது. மாதத்துக்கு 600. ஏழு மாதத்துக்கு 4,200. 12 நாளுக்கு 240. ஆக 4,440 ரூபாய். தாளே தேவையில்லை.

இதே கேள்வியில் ஒன்றரை என்பதை ஆண்டுக்கு 1.5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 370 ரூபாய் வரும். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியாக இருக்கும். படிகளும் அழகாக வரிசையாக இருக்கும். கேள்வியைப் புரிந்துகொண்டதுதான் தப்பு. மாதம் 600 என்பது தலையில் ஓடுகிறவருக்கு 370-ஐப் பார்த்ததுமே “ஒரு மாத வட்டிகூட வரவில்லையே” என்று தெரிந்துவிடும். ஓடாதவர் அப்படியே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

என் மகள் வீட்டுப்பாடம் எல்லாம் பிரமாதமாகச் செய்கிறாள். பரீட்சையில் மட்டும் மதிப்பெண் வருவதில்லை. ஏன்?

தெளிவாக எழுதிய விடையைப் படிக்கும்போது “இது எனக்குத் தெரியும்” என்று தோன்றும். விடை கண்முன்னே இருப்பதால் வரும் தோற்றம் அது. மூடி வைத்துவிட்டு எழுதச் சொன்னால் கை நிற்கும். பரீட்சை கேட்பது இரண்டாவதைத்தான்.

ஏஐக்கு முன்பே இதை அளந்திருக்கிறார்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு சிறு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றை மறுபடி படித்தார்கள். இன்னொன்றை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்த பத்தியே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்ததில் 42 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம். நினைவிலிருந்து தோண்டி எடுக்கிற சிரமம்தான் பாடத்தை ஆழமாகப் பதிக்கிறது. ஏஐ முதலில் எடுத்துவிடுவது அந்தச் சிரமத்தைத்தான்.

அப்படியானால் படிப்புக்கு ஏஐயை எப்படித்தான் பயன்படுத்துவது?

நோட்டில் முதலில் கையால். ஒரு கணக்குக்குக் குறைந்தது 10 நிமிடம், ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம், போன் அடுத்த அறையில். தப்பாக இருந்தாலும் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. எங்கே நின்றது என்று ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோடு முக்கியம், அங்கேதான் உதவி தேவைப்படுகிறது.

அதற்குப் பிறகு ஏஐயைத் திறந்து, செய்ததைப் படம் பிடித்தோ தட்டச்சு செய்தோ கொடுத்துவிட்டு, இப்படிக் கேட்கலாம்: “நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. இது நான் செய்தது. விடையைச் சொல்லாதே. எந்த வரியில் தவறினேன் என்று மட்டும் காட்டு. அடுத்த படி என்ன என்று என்னிடமே கேள். நான் இரண்டு தடவை தவறினால் ஒரு சிறு குறிப்பு கொடு.” துருக்கியில் மூன்றாம் பிரிவுக்குக் கொடுத்தது ஏறக்குறைய இந்த மாதிரிதான்.

நடைமுறையில் கெடுவது எங்கே என்றால், நாலைந்து கேள்விக்குப் பிறகு ஏஐ தன் கட்டுப்பாட்டை மறந்து விடையைச் சொல்லிவிடும். அல்லது பிள்ளையே பொறுமை இழந்து “சொல்லிடு” என்று தட்டிவிடும். அப்போது அந்தக் கணக்கை விட்டுவிட்டு, அதே வகையில் எண்களை மட்டும் மாற்றி வேறொன்றைக் கேட்டு வாங்கி, மூடிவிட்டுச் செய்ய வேண்டும். மறுநாள் காலையில் ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று. இந்த இரண்டையும் விட்டுவிட்டால் முன்னால் செய்ததில் பாதி வீண்.

பாடத்தை விளக்கச் சொல்லிக் கேட்பது தப்பில்லை. கேட்டு முடித்ததும் அப்பத்தாவிடமோ தம்பியிடமோ போய், திரையைப் பார்க்காமல் அதை அவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கட்டும். சொல்ல வராத இடம்தான் புரியாத இடம்.

எல்லாம் போனில் இருக்கிறதே, எதற்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

தேவையில்லாதவற்றை வைத்துக்கொள்ள வேண்டாம். விமான நேரம், போன் நம்பர், பட்டியல் எல்லாவற்றையும் கருவியிடம் கொடுங்கள். ஆனால் யோசிப்பது என்பது ஏற்கெனவே தலையில் இருக்கிறவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பது. தலையில் ஒன்றும் இல்லாமல் சேர்த்துப் பார்க்க முடியாது. வட்டிக் கணக்கில் நெருடியது அதனால்தான்: “மாதம் 600” என்பது உள்ளே இருந்தது.

கடையிலும் ஆபீஸிலும் ஏஐ சொன்னதைச் சரிபார்ப்பது எப்படி? நேரமே இருப்பதில்லை.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் 2025-இல் 319 அலுவலகப் பணியாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஏஐ மேல் நம்பிக்கை அதிகம் உள்ளவர்கள் குறைவாகவே யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். தங்கள் வேலையில் தங்களுக்கே நம்பிக்கை உள்ளவர்கள் அதிகம் யோசித்துச் சரிபார்த்தார்கள். அவரவர் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அளவு முன்னே பின்னே இருக்கலாம், போக்கு சரிதான்.

நேரம் பிடிக்காத வழி ஒன்று உண்டு. கேட்பதற்கு முன் உத்தேசமாக ஓர் எண்ணைத் தாளில் எழுதிவிடுங்கள். பழைய வீட்டில் ஓர் அறையின் தரைக்கு ஆத்தங்குடிக் கல் மாற்ற வேண்டும், அறை 12 அடிக்கு 10 அடி, கல் 8 அங்குலச் சதுரம் என்று வையுங்கள். மூன்று கல்லை நீளத்தில் வைத்தால் 2 அடி. அப்படியானால் 9 கல் சேர்ந்தால் 4 சதுர அடி. அறை 120 சதுர அடி. அதில் 4 சதுர அடி 30 தடவை. 30-ஐ 9-ஆல் பெருக்கினால் 270 கல். உடைசலுக்கும் ஓரத்தில் வெட்டுவதற்கும் 100-க்கு 5 சேர்த்தால் 284. ஏஐ 284-ஐ ஒட்டிச் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். 180 என்றால் கல்லை ஏறத்தாழ 10 அங்குலம் என்று எடுத்திருக்கும். 120 என்றால் ஓரடிக் கல் என்று நினைத்திருக்கும். இப்படி எந்த இடத்தில் பிசகியது என்பதையும் உத்தேசக் கணக்கே காட்டிக் கொடுக்கும். ஆத்தங்குடிக் கல் கையால், கண்ணாடித் தட்டின் மேல் வார்ப்பது; சாயம் ஒவ்வொரு தடவையும் துளி மாறும். குறைந்துபோய் மறுபடி வாங்கினால் நிறம் ஒத்துப்போகாமல் தரையில் தனியாகத் தெரியும்.

சமையல் குறிப்பைக்கூடக் கேட்கக் கூடாதா?

கேளுங்கள். ஆனால் எதை அது சொல்லவே முடியாது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு நம் வீடுகளில் அளவு சொல்வது எப்படி? ஓர் ஆழாக்கில் பச்சரிசியைத் தலை தட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக வைக்க வேண்டும். நிற்கிற அளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் சேர்த்து ஊறவைத்து நைசாக ஆட்டுவது. ஏஐ இதை “ஒரு கப் அரிசி, இத்தனை ஸ்பூன் உளுந்து” என்று மாற்றிவிடும். ஆனால் பாத்திரத்தின் வாய் அகலமாக இருந்தால் கோபுரம் பெரிதாகும், ஒடுங்கியிருந்தால் சிறிதாகும். உங்கள் வீட்டு அளவு உங்கள் வீட்டு ஆழாக்கோடு சேர்ந்தது.

அதைவிட முக்கியமானது முதல் பணியாரம். ஒன்றை ஊற்றி எடுத்துப் பார்த்து, எண்ணெய் குடித்திருந்தால் உளுந்து கூடிவிட்டது, விறைப்பாக இருந்தால் குறைந்துவிட்டது என்று மாவைத் திருத்துகிற பழக்கம். குறிப்பைப் பார்த்தே சமைத்துப் பழகினவருக்கு, பணியாரம் சரியாக வராத அன்றைக்கு ஏன் வரவில்லை என்று சொல்லத் தெரியாது. இன்னொரு குறிப்பைத் தேடத்தான் தெரியும்.

நல்ல அனுபவசாலிகளுக்கும் திறன் குறையுமா?

குறையலாம். போலந்தில் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராவை விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்யும் மருத்துவர்கள், ஆளுக்கு 2000-க்கு மேல் செய்து தேர்ந்தவர்கள், சில மாதங்கள் கட்டிகளைக் காட்டித் தரும் ஏஐயோடு வேலை செய்தார்கள். பிறகு ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளைப் பார்த்தால், புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் முன்பு இருந்த 28.4 சதவீதத்திலிருந்து 22.4-க்கு இறங்கியிருந்தது. 2025-இல் வெளியானது. கட்டுப்படுத்திய சோதனை அல்ல, பழைய பதிவுகளை ஒப்பிட்டது. வேறு காரணமும் கலந்திருக்கலாம். இருந்தாலும் தேர்ந்த கையும் பழக்கம் விட்டால் தளரும் என்பதற்கு இது வலுவான எச்சரிக்கை. வாரத்தில் ஒரு நாளாவது ஏஐ இல்லாமல் அதே வேலையைச் செய்வது நல்லது.

எனக்கு ஆங்கிலம் வராது. மெயில் எல்லாம் ஏஐதான் எழுதுகிறது. இதுவும் கெடுதலா?

இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் கொடுக்கிற வாடிக்கையாளருக்குக் கண்டாங்கிச் சேலையின் விலையையும் அனுப்பும் தேதியையும் ஆங்கிலத்தில் எழுத ஏஐயைப் பிடித்துக்கொள்ளத் தயங்கவே வேண்டாம். என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தமிழில் நீங்களே இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், அது போதும். “ஒரு நல்ல பதில் எழுது” என்று மட்டும் சொன்னால், நீங்கள் ஒத்துக்கொள்ளாத தள்ளுபடியையும் தேதியையும் அது எழுதிவிடக்கூடும். எண்களையும் தேதிகளையும் அனுப்புமுன் விரல் வைத்துப் பாருங்கள்.

தமிழில் கேட்டால் தவறு அதிகம் வருமா?

நம் ஊர் விஷயத்தில் வரும். இந்த இயந்திரங்கள் படித்துப் பழகிய எழுத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் மிகக் குறைவு. அதிலும் செட்டிநாட்டுப் பேச்சு மிக மிகக் குறைவு. நாம் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். வேறு ஊரில் அது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பணிப்பெண். வளவு, பட்டாலை, முகப்பு என்று வீட்டின் பகுதிகளைப் பற்றிக் கேட்டாலும் இதே குழப்பம்.

சோதிக்க ஒரு கேள்வி: நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்கள் ஒன்பதையும் சொல்லச் சொல்லுங்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒன்பதில் எத்தனை சரி, எத்தனை ஊரை அதுவாகச் சேர்த்திருக்கிறது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். தப்பையும் சரியையும் அது ஒரே தொனியில்தான் சொல்லும் என்பதைப் பிள்ளைகள் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு நாம் சொல்ல வேண்டியதில்லை.

எந்த வயதில் கொடுக்கலாம்?

சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். எங்கள் கருத்தில், வாய்ப்பாடும் சொந்தமாக ஒரு பக்கம் எழுதுவதும் வந்த பிறகுதான், அதுவும் கூடத்தில் எல்லாரும் பார்க்கிற இடத்தில்.

விட்டுப்போன திறன் திரும்ப வருமா?

ஒரு காலத்தில் நன்றாக வந்தது என்றால் வரும். மறந்ததை மறுபடி கற்க முதல் தடவை பிடித்ததைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும் என்று ஜெர்மனியின் எபிங்காஸ் 1885-இலேயே அளந்து எழுதினார். கற்றுக்கொள்ளவே இல்லாத ஒன்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை ஆரம்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் எவ்வளவு சார்ந்திருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாரம் பாருங்கள். நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டு, ஏஐயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இடப் பக்கம் கேள்வியை எழுதுங்கள். வலப் பக்கம், கேட்பதற்கு முன்பே உங்கள் மனதில் ஏதாவது பதில் இருந்ததா, இருந்தால் என்ன என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வலப் பக்கத்தை மட்டும் படியுங்கள். காலியாக இருக்கிற வரிகளில், உங்களுக்குத் தெரிந்தே இருக்க வேண்டிய வேலை எது என்று குறியுங்கள். பில் போடுவது, கடிதம் எழுதுவது, பிள்ளைக்குப் பாடம் சொல்வது, எதுவாகவும் இருக்கலாம். அதில் ஒன்றை மட்டும் எடுத்து அடுத்த வாரம் முழுவதும் கையால் செய்யுங்கள். முதல் இரண்டு நாள் மெதுவாக இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். நாலாவது நாள் எவ்வளவு நேரம் பிடித்தது என்று முதல் நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.